ரெண்டு தை கழிச்சு எழுதுற ரிவ்யூ: எட்டு பாக்கெட் நாட்டு அவரை விதை

பார்சல் வந்த மூணாவது நாளே ‘ரிவ்யூ போடுங்க மேடம், அஞ்சு ஸ்டார் குடுங்க மேடம்’னு வாட்ஸ்அப்ல மெசேஜ் வந்துருச்சு. விதைய இன்னும் தண்ணியிலயே ஊறப் போடல, அதுக்குள்ள என்னத்த ரிவ்யூ போடுறது. ஃபிளாஸ்க் வாங்கினா மறுநாள் காப்பி சூடா இருக்கான்னு பாத்துட்டு எழுதிரலாம், விதைக்கு அப்படி முடியுமா. மொளைக்கணும், காய்க்கணும், அந்தக் காய்ல இருந்து நம்ம கையால விதை எடுத்து அடுத்த வருஷம் போட்டு அதுலயும் அதே காய் வரணும், அப்பத்தான் நாட்டு விதைன்னு அவங்க சொன்னது நெசமா பொய்யான்னு தெரியும். அதான் ரெண்டு தைப்பொங்கல் பாத்துட்டு இப்ப பங்குனியில உக்காந்து எழுதுறேன்.

வாங்குனது முந்தின வருஷம் சித்திரைத் திருவிழா முடிஞ்ச வாரம். அழகர் மலைக்குத் திரும்பிப் போயிட்டாரு, ஊரே வெயில்ல சுருண்டு கெடக்கு, நான் மதுரை வில்லாபுரத்துல எங்க வீட்டு முன் ரூம்ல மிஷின்ல உக்காந்து ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர் தச்சுக்கிட்டே நடுநடுவுல போனைப் பாத்துக்கிட்டு இருந்தப்ப இந்த விளம்பரம் கண்ணுல பட்டுச்சு. ‘அழிந்து வரும் பாரம்பரிய அவரை ரகங்கள், 8 வகை, காம்போ ஆஃபர்’. பச்சைப் பட்டை அவரை, ஊதா அவரை, யானைக்காது அவரை, சிறகு அவரை, தம்பட்டை அவரை, மூக்குத்தி அவரை, தட்டங்காய், அப்புறம் மொச்சை. ஒவ்வொன்னுலயும் 10 விதை, சிறகு அவரை மட்டும் 5. விலை 340, கூரியர் 60, ஆக மொத்தம் 400 ரூபாய்க்கு 75 விதை. ஒரு விதை அஞ்சு ரூபாய்க்கு மேல விழுது, மளிகைக்கடையில அந்தக் காசுக்கு மொச்சைய கிலோக்கணக்குல அள்ளிட்டு வரலாம்னு எங்க வீட்டுக்காரர் கணக்கு சொன்னாரு. சொல்லட்டும்.

கடை பேரைப் போடல. பாராட்டவும் இருக்கு, வையவும் இருக்கு, பேரைச் சொல்லி வைய மனசு வரல. பழைய நோட்டுத் தாள் கவர்ல விதை, வெளிய ஸ்டிக்கர், எட்டையும் சேத்து ஒரு துணிப்பையில போட்டு அனுப்பியிருந்தாங்க. அந்த துணிப்பை இலவசம்னு பெருமையா வேற போட்டிருந்துச்சு, ஓரம் மடிச்சு அடிக்காம சும்மா ஒரு நேர் தையல் ஓட்டி விட்டிருக்காங்க, ரெண்டு தடவ தொவச்சா பிரிஞ்சு வந்துரும். தையக்காரி கண்ணுக்கு அதுதான் மொதல்ல தெரியும், மன்னிச்சுக்கங்க.

விதைய ஒரு வெள்ளைத் துணி மேல கொட்டிப் பாத்தேன். அவரை விதைய கிட்டத்துல வச்சு பாத்திருக்கீங்களா? கருப்பு விதை, அது ஓரத்துல கால்வாசி சுத்துக்கு தடிப்பா ஒரு வெள்ளைக் கோடு, கருப்புத் துணியில வெள்ளை நூல் போட்டு ஓவர்லாக் அடிச்ச மாதிரி அம்புட்டு சுத்தம். மொச்சைக்கும் அதே கோடு உண்டு, ஏன்னா ரெண்டும் ஒரே இனந்தான், தோலோட நறுக்கிப் பொரிக்கிறது அவரை, தோல உரிச்சு கொட்டைய மட்டும் குழம்புல போடுறது மொச்சை. தம்பட்டை விதை கோட்டு பட்டன் சைஸ். மூக்குத்தி அவரை விதைக்கு மட்டும் இந்தக் கோடே இல்ல, கருப்பா ஒரு மாதிரி முக்கோணமா இருந்துச்சு, அப்பவே எனக்கு ஒரு டவுட்டு, அத பின்னாடி சொல்றேன்.

யானைக்காது பாக்கெட்ட பிரிச்சா 10ல 4 விதையில ஓட்டை. பஞ்சிங் மிஷின்ல அடிச்ச மாதிரி வட்டமா, சுத்தமா, உள்ள வெறும் மாவு. போட்டோ எடுத்து அனுப்புனேன். வந்த பதில அப்படியே போடுறேன்: ‘இயற்கை விதைன்னா வண்டு இருக்கத்தான் மேடம் செய்யும், கெமிக்கல் போடாததுக்கு அடையாளம்.’ ஆத்தி! அரிசியில கல்லு இருந்தா அது கையால பொடைச்சதுக்கு அடையாளம்னு சொல்வீங்களா. கெமிக்கல் போடாம வண்டு வராம வைக்கிறதுக்குத்தானய்யா விதைக்கடைன்னு ஒன்னு வேணும். ரெண்டு நாள் கழிச்சு வேற யாரோ அதே நம்பர்ல இருந்து ஸாரி சொல்லி மாத்தி அனுப்புறோம்னாங்க, அனுப்பவும் செஞ்சாங்க, ஆனா அது ஆடி முடிஞ்சு வந்துச்சு.

இப்ப முக்கியமான குறைக்கு வர்றேன். ஒவ்வொரு பாக்கெட்டுலயும் ஒரு சின்ன சீட்டு. எட்டு பாக்கெட்டு, எட்டு சீட்டு, எட்டுலயும் ஒரே வாசகம். ‘ஆண்டு முழுவதும் விதைக்கலாம். 60 நாளில் காய்ப்பு.’ ரக பேரு கூட சீட்டுல கெடையாது, ஜெராக்ஸ் போட்டு வெட்டி எல்லாத்துலயும் சொருகியிருக்காங்க. நானும் நம்பி வைகாசி பொறந்ததும் போட்டுட்டேன், கத்திரி வெயில் இன்னும் முழுசா எறங்கக் கூட இல்ல. செம்மண்ணு, மக்குன சாணி, தேங்கா நாரு கலந்து குரோ பேக்ல போட்டு, மாடியில பழைய கேபிள் ஒயர்ல பந்தல் கட்டி, கொடிய ஏத்தி விடுறதுக்கு தச்சது போக மிஞ்சுன சுங்குடி வெட்டுத்துணியக் கிழிச்சு கிழிச்சு கட்டி விட்டேன். சிவப்பு, மாம்பழ மஞ்சள், பச்சைன்னு புள்ளிபுள்ளியா பந்தல் முழுக்க, எதிர்வீட்டு அக்கா மாடியில இருந்து எட்டிப் பாத்துட்டு ‘கல்யாணப் பந்தலா’ன்னு கேட்டாங்க.

மொளைப்புத்திறன்னு பாத்தா மோசமில்ல. 75ல 55 வந்துச்சு. தட்டங்காய் பத்துக்கு பத்து, ஊதா அவரையும் தம்பட்டையும் மொச்சையும் ஒம்பது ஒம்பது, பட்டை எட்டு, மூக்குத்தி அஞ்சு, யானைக்காது மூணு. சிறகு அவரை தான் சோதிச்சுருச்சு, ஓடு அம்புட்டு கெட்டி, ஒரு ராத்திரி ஊறப்போட்டு வச்சும் 12 நாள் ஆச்சு, அஞ்சுல ரெண்டு தான் தலை நீட்டுச்சு. சீட்டுல தேய்ச்சுட்டு ஊறப்போடணும்னு ஒரு வரி இருந்திருந்தா, அடுத்த தடவ நான் பண்ண மாதிரி விதையோட ஓட்ட உப்புத்தாள்ல லேசா தேய்ச்சுட்டு மொத தடவையே ஊறப்போட்டுருப்பேன்.

சொன்ன மாதிரி அம்பது அறுவது நாள்ல காய்ச்சது ஒன்னே ஒன்னு, தட்டங்காய். காராமணின்னு சென்னைக்காரங்க சொல்றது. ஒரு முழ நீளத்துக்கு சடை மாதிரி தொங்குச்சு, வாரத்துக்கு ரெண்டு தடவ பொரியல். மத்ததெல்லாம் எலை, எலை, எலை மட்டுந்தான். ஆனி போச்சு, ஆடி போச்சு, ஆவணி போச்சு, பட்டை அவரை பந்தலைத் தாண்டி தண்ணி டேங்க் மேல ஏறி, பக்கத்து வீட்டு டிஷ் ஆண்டெனாவப் பிடிச்சு அவங்க சீரியல் பாக்க முடியலன்னு சண்டைக்கு வந்துட்டாங்க. ஒரு பூ இல்ல. புரட்டாசியில எனக்கு மண்டை காஞ்சுருச்சு. ஒரு ஸ்டார் போட்டு நாலு வாங்கு வாங்குறதுக்கு டைப் அடிச்சே வச்சுட்டேன், கொடியையும் புடுங்கிப் போட்டுறலாம்னு அருவாமனையோட மாடிக்குப் போனேன்.

நல்லவேளை அத்தை அப்ப பேரையூர்ல இருந்து வந்திருந்தாங்க. பின்னாலயே படியேறி வந்து கையப் பிடிச்சுட்டாங்க. ‘ஏத்தா, ஆடியில போட வேண்டியத வைகாசியில போட்டுட்டு செடிய வையிற? அது என்னத்தா பண்ணும், பனி எறங்காம அவரை பூக்குமா. கார்த்திகை வரட்டும், பேசாம தண்ணிய ஊத்து.’ அவங்க ஊர்ல மானாவாரி சோளக்காட்டுல மொச்சைய ஊடால போட்டு வளந்தவங்க, அவங்களுக்கு இதெல்லாம் கேள்வியே இல்ல, எட்டு சீட்டு அச்சடிச்ச கடைக்காரங்களுக்குத் தான் தெரியல.

அப்புறம் நானும் தேடிப் படிச்சேன். பழைய கொடி அவரை ரகமெல்லாம் பகல் குறையுறதக் கணக்குப் பாத்து பூக்கிற ஜாதி. நம்ம மதுரையில ஆனி மாசம் பகல் 12 மணி 40 நிமிஷம் சொச்சம், மார்கழியில 11½ மணி நேரம், வித்தியாசம் ஒரு மணி நேரம் சொச்சந்தான், அந்த சொச்சத்த நம்மளால கண்டுபிடிக்க முடியாது, எலை கண்டுபிடிச்சுரும். ராத்திரி நீளம் ஒரு அளவுக்கு வந்தாத்தான் மொட்டு விடும், அது வரைக்கும் நீ எப்ப போட்டாலும் வெறும் கொடிதான். வருஷம் முழுக்க போடலாம், ரெண்டு மாசத்துல பூக்கும்ங்கிறது கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் விட்ட குத்து அவரை, அதாவது கொடி ஏறாத செடி அவரை ரகங்களுக்குப் பொருந்தும், அதையெல்லாம் இந்தப் பகல் கணக்குல இருந்து விடுவிச்சுத்தான் உருவாக்குனாங்க. யாரோ அந்தச் செடி அவரைக்கு எழுதுனத காப்பி அடிச்சு நாட்டுக் கொடிக்கு ஒட்டியிருக்காங்க. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ன்னு மூணாங்கிளாஸ் புள்ளைக்கும் தெரிஞ்ச வாசகம், அத விட்டுட்டாங்க.

குறுந்தொகையில கூட ஒரு பாட்டு இருக்கு, தினை அறுத்த கொல்லையில அவரை பூக்குற பனிக்காலமும் வந்துருச்சு, அவரு இன்னும் வரலையேன்னு தலைவி தோழிகிட்ட பொலம்புறது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி குறிஞ்சி நிலத்துப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு அவரை எந்த மாசம் பூக்கும்னு. அவ அவரு வரலைன்னு அழுதா, நான் அவரை வரலைன்னு அழுதேன்.

கார்த்திகை ரெண்டாவது வாரம். காலையில துணி காயப்போட மாடிக்குப் போனா ஊதா அவரை முழுக்க ஒரு ஜாண் நீளத்துக்குக் கொத்து கொத்தா பூ, தெருவுல போறவங்க நின்னு பாத்துட்டுப் போற அளவுக்கு. அதுல ஒரு வேடிக்கை, பந்தல்ல தெருவிளக்குப் பக்கம் இருந்த மூலை மட்டும் பூக்கவே இல்ல, மத்த பக்கம் காய் பறிக்கிற நேரத்துலயும் அங்கிட்டு மட்டும் பச்சைப் பசேல்னு எலையா நின்னுச்சு. கார்ப்பரேஷன் புதுசா மாத்துன எல்ஈடி லைட்டு ராத்திரி முழுக்க நேரா அந்த மூலையில தான் அடிக்குது. ராத்திரிய எண்ணுற கொடிக்கு ராத்திரியே வரலைன்னா அது எப்படி பூக்கும்னு தோணுச்சு. ஒரு பழைய தார்ப்பாய மறைப்பா கட்டி விட்டதும் மூணு வாரத்துல அந்த மூலையிலயும் மொட்டு வந்துச்சு. மாடித்தோட்டம் வச்சு அவரை பூக்கலைன்னு பொலம்புறவங்க ராத்திரி ஒரு தடவ மாடிக்குப் போய் எங்கிருந்து வெளிச்சம் விழுதுன்னு பாருங்க.

பூ வந்த கையோட அசுவினிப் பூச்சியும் வந்துருச்சு. கருப்பா மை அப்புன மாதிரி கொழுந்து முழுக்க. அதுக்கு காவல் யாருன்னா எறும்பு, அசுவினி விடுற இனிப்புத் தண்ணிக்காக கூடவே நின்னு மேய்க்கும். தண்ணியப் பீச்சியடிச்சு, மறுநாள் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலமா அடிச்சேன், நாலு நாளைக்கு ஒருக்கா, மூணு தடவையில அடங்குச்சு. அத்தை அடுப்புச் சாம்பல் இருந்தா அதத் தூவுன்னாங்க, கேஸ் அடுப்புல சாம்பலுக்கு எங்கத்தை போறதுன்னேன்.

ருசியச் சொல்லணும். பட்டை அவரை நல்லா இருந்துச்சு, மார்க்கெட் அவரையவிட வாசம் ஜாஸ்தி, நறுக்குறப்பவே கையில ஒரு பிசுக்கு ஒட்டும், பனிக்காலத்து அவரைக்கு மட்டும் வர்ற அந்த வாசம் வெரல்ல மத்தியானம் வரைக்கும் நிக்கும். ஊதா அவரைய ஊதாவாவே தட்டுல போடலாம்னு ஆசைப்பட்டீங்கன்னா ஏமாந்துருவீங்க, கொதிச்சதும் கலர் எறங்கி ஒரு அழுக்குப் பச்சையா மாறிடும், ருசி கொஞ்சம் தடிப்பு, கூட்டுக்குத் தான் ஆகும். யானைக்காது, சீட்டுல பேரு இல்லாட்டியும் ஸ்டிக்கர் பொய் சொல்லல, நெசமாவே காது தான், உள்ளங்கைய மூடுற அகலம், ஒரு காய நறுக்குனா ஒரு ஆளுக்குப் பொரியல். மூணு செடியில வந்ததே போதும் போதும்னு ஆச்சு. மாத்தி அனுப்புனாங்கன்னு சொன்னேன்ல, லேட்டா வந்த பாக்கெட்டு, அதுல வளந்தது யானைக்காது இல்ல, ஏதோ விரல் நீள சின்ன அவரை. யானைன்னு சொல்லி ஆட்டுக்குட்டிக் காத அனுப்பியிருக்காங்க.

மூக்குத்தி அவரை, அந்தக் கோடு இல்லாத விதை. அது அவரையே இல்லைங்க! பேருதான் அவரை, பூவப் பாத்ததும் தெரிஞ்சுருச்சு, சாயங்காலம் விரியுது, வெளிர் ஊதாவுல புனல் மாதிரி, அப்படியே காலைல பூக்குற மார்னிங் குளோரி குடும்பம், சர்க்கரைவள்ளிக் கெழங்குக்கு ஒன்னுவிட்ட சொந்தம். நாம திங்கிறது காயே கெடையாது, பூவுக்குக் கீழ தடிச்சு நிக்கிற காம்பு, பாக்கறதுக்கு கிராம்பு மாதிரி மூக்குத்தி மாதிரி இருக்கும். கேரளாவுல நித்ய வழுதனம்பாங்க, வழுதனைன்னா கத்திரிக்காய், அங்கயும் தப்பான குடும்பத்துல தான் சேத்து வச்சிருக்காங்க பாவம். தேங்காப்பூ போட்டு வதக்குனா நல்லா இருக்கு, புள்ளைங்க இதத்தான் கேட்டு வாங்கித் தின்னுச்சுக. பறிக்கத்தான் பொறுமை வேணும், ஒரு வேளைப் பொரியலுக்கு ஒரு மணி நேரம் கொடியில தொங்கணும். கடைக்காரங்க ‘அவரை ரகங்கள்’ல சேத்து வித்தது தப்புன்னு நான் சண்டை போடமாட்டேன், ஆனா ஒரு வரி எழுதியிருக்கலாம்.

தம்பட்டை அவரையில தான் நெசமாவே கோவம். பிஞ்சா இருக்கப்ப நாரை உரிச்சுட்டு நறுக்கி வேகவச்சா அருமையான காய், கறி மாதிரி பதம். ஆனா முத்துன கொட்டையில நச்சு இருக்கு, நல்லா ஊறவச்சு, கொதிக்கவச்சு, தண்ணிய மாத்தி மாத்தி வடிச்சுத் தான் தொடணும், தெரியாதவங்க தொடாமலே இருக்கிறது உத்தமம். பெருசா அழகா பட்டன் மாதிரி இருக்கேன்னு யாராவது ராஜ்மா கணக்கா குக்கர்ல வச்சா என்னாகுறது? எட்டு சீட்டுல ஒன்னுலயாவது இந்த எச்சரிக்கை இருந்திருக்கணும். அத்தை கையில எடுத்துப் பாத்ததுமே ‘இதப் பிஞ்சுல தான் திங்கணும், முத்த விட்டா விதைக்கு மட்டும்’னு சொல்லிட்டாங்க, அத்தை இல்லாத வீட்டுக்கு யாரு சொல்றது.

சிறகு அவரை ரெண்டு கொடி, நீலப் பூ, நாலு பக்கமும் ஃப்ரில் வச்சுத் தச்ச மாதிரி காய். பூவு, கொழுந்து, காய், கிழங்குன்னு எல்லாமே திங்கலாம். ரெண்டு நாள் பறிக்க மறந்தா நாரு ஏறி கயிறாயிரும். அவ்வளவு தான்.

மொச்சைக்கு தனியா ஒரு ரிவ்யூ எழுதணும். பொங்கலுக்கு மூணு நாள் முந்தி பச்ச மொச்சைய உரிச்சு, கத்திரிக்காயும் நெத்திலிக் கருவாடும் போட்டு அத்தை ஒரு குழம்பு வச்சாங்க, எங்க வீட்டுக்காரர் அன்னைக்குத் தான் கிலோக்கணக்கப் பத்திப் பேசுறத நிப்பாட்டுனாரு.

விதை எடுக்குறதுக்கு வர்றேன், இதுக்குத்தானே காசு குடுத்து நாட்டு விதை வாங்குறது. கடைக்காரங்க விளம்பரத்துல ‘ஹைப்ரிட் இல்லை’ன்னு பெருசா போடுறாங்க. அவரை, தட்டங்காய் மாதிரி காய்கள்ல ஹைப்ரிட் விதை கெடைக்கிறதே அபூர்வம், ஏன்னா பூ விரியுறதுக்கு முந்தியே பெரும்பாலும் தனக்குத் தானே மகரந்தம் சேந்துரும், லட்சக்கணக்கான பூவ ஒன்னொன்னா கையால பிரிச்சு ஒட்டுச் சேக்க எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படியாகாது. அதனால அவரை பாக்கெட் மேல ‘ஹைப்ரிட் இல்லை’ன்னு போடுறது வாழைப்பழத்து மேல கொட்டை இல்லைன்னு ஸ்டிக்கர் ஒட்டுற மாதிரி. நம்ம பாக்க வேண்டியது எந்த ஊர் விதை, எந்த மாசத்து விதை, இந்த ரெண்டுந்தான்.

நான் பண்ணது இது. நல்லா காய்ச்ச கொடியில, நோய் இல்லாத கொடியில, நடுக்கொடிக் காய்ல திடமா இருந்ததா பாத்து விதைக்குன்னு விட்டேன். அடையாளத்துக்கு சிவப்பு சுங்குடித் துண்டு கட்டுனேன். மொத வாரமே எங்க வீட்டுக்காரர் ‘சிவப்பு கட்டுனது தான பறிக்கணும்’னு அம்புட்டையும் பறிச்சு முறத்துல கொண்டாந்து வச்சுட்டாரு. அன்னைக்கு பொரியலுக்கு உப்பு ஜாஸ்தியாப் போயிருச்சு, வேணும்னே இல்ல. அப்புறம் மறுபடி வேற காய்க்குக் கட்டுனேன். காய் கொடியிலயே காஞ்சு, ஆட்டுனா உள்ள கலகலன்னு சத்தம் வரணும். எறக்கி நெழல்ல உலர்த்தி, ஒரு விதையக் கடிச்சுப் பாத்தா பல்லு பதியக் கூடாது, நறுக்குன்னு ரெண்டா உடையணும், பல்லு பதிஞ்சா ஈரம் இருக்குன்னு அர்த்தம்.

மொத வருஷம் மொச்சைய நல்லா காய வச்சு டப்பாவுல போட்டு மூடி வச்சேன், ரெண்டு மாசம் கழிச்சுத் தொறந்தா அடியில மாவு, விதைக்கெல்லாம் அதே பஞ்சிங் ஓட்டை, டப்பா உள்ள குட்டி குட்டியா வண்டு ஓடுது. யாரக் கேலி பண்ணேனோ அதே கதி. பயறு வண்டு பெரும்பாலும் வெளிய இருந்து டப்பாவுக்குள்ள வர்றதில்ல, காட்டுலயே காய் மேலயும் விதை மேலயும் வெள்ளைப் புள்ளியா முட்டை வச்சுருது, நம்ம அதத்தான் பத்திரமா மூடி வைக்கிறோம். இப்ப ஊசிக் கண்ணுல நூல் கோக்குற கண்ணாடியப் போட்டுக்கிட்டு விதைய வெளிச்சத்துல பெரட்டிப் பாக்குறேன், வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தா தனியா எடுத்துருவேன். மிச்சத்த நல்லா காய்ஞ்சதுக்கு அப்புறம் கண்ணாடி பாட்டில்ல இறுக்கி மூடி பத்து நாள் ஃப்ரீசர்ல வைக்கிறேன், வெளிய எடுத்ததும் உடனே தொறக்காம ஒரு ராத்திரி அப்படியே விட்டுட்டுத் தொறக்கணும், இல்லைன்னா விதை மேல வேர்த்து மறுபடி ஈரம் ஏறிடும். அத்தை அவங்க பங்குக்கு செம்மண்ணக் கரைச்சு விதை மேல பூசி வெயில்ல காய வச்சு பானையில போட்டுக் கட்டிட்டாங்க. ரெண்டு பேரு விதையும் இந்த ஆடியில போட்டுப் பாத்தோம், நான் பத்துக்கு ஒம்பது, அத்தை பத்துக்கு ஒம்பது. ஃப்ரீசர் கரண்டு பில்லு மட்டும் என்னோடது.

ரெண்டாவது தலைமுறை எப்படி வந்துச்சுன்னா, தட்டங்காய் அச்சு அசல் அதே காய். மொச்சை அதே. ஊதா அவரை அதே. பட்டை அவரையில மட்டும் ஒரு கோளாறு, நாத்து ரெண்டெலை விட்டப்பவே பாத்துட்டேன், பன்னெண்டுல ரெண்டு நாத்துக்கு தண்டு ஊதாவா இருக்கு. பச்சைக் காய்ல எடுத்த விதை, ஊதாத் தண்டு எங்கிருந்து வரும்? கருவண்டு தான் மகரந்தத்த மாத்தி வச்சிருக்கு. ஊதாவையும் பச்சையையும் ஒரே பந்தல்ல ஏத்தி விட்டது என் தப்பு, தனக்குத் தானே சேர்ற பூவா இருந்தாலும் அந்த பெரிய கருவண்டு பூவப் பிரிச்சு உள்ள பூந்துட்டு வர்றத நானே பாத்திருக்கேன். ரெண்டையும் பிடுங்கி வேற தொட்டியில வச்சுட்டேன், கறிக்கு மட்டும், விதைக்கு இல்ல. இப்ப பச்சை கெழக்கு மாடியில, ஊதா அத்தை வீட்டுக் கொல்லையில பேரையூர்ல. இது கடைக்காரங்க தப்பு இல்லைங்கிறதால அவங்க மார்க்குல கை வைக்கல.

இன்னொரு எரிச்சல், ஸ்டிக்கர் அடியில பொடி எழுத்துல ‘மறு உற்பத்தி செய்து விற்பனை செய்யக் கூடாது’ன்னு போட்டிருக்காங்க. அதெப்படி? பாரம்பரிய விதைன்னு சொல்லித் தான விக்கிறீங்க, எந்தப் பாரம்பரியத்துல விதைய அடுத்த வீட்டுக்குக் குடுக்காதன்னு சொல்லியிருக்கு. 2001ல வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்துலயே பிராண்டு பேரு போட்டு விக்காத வரைக்கும் உழவருங்க தன் விதைய எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், மாத்திக்கலாம், விக்கலாம்னு தெளிவா இருக்கு. பதினாறு தொட்டி வச்ச நானெல்லாம் உழவரான்னு கேக்காதீங்க, நான் விக்கல, சும்மா தான் குடுக்குறேன். எதிர்வீட்டு அக்கா, அத்தை, ஒத்தக்கடையில இருக்க எங்க சித்தி பொண்ணுன்னு மூணு எடத்துல இப்ப இந்த விதை இருக்கு. ஒரே வீட்டுல இருந்தா ஒரு எலி போதும்.

மார்க்குன்னு கேட்டா விதைக்கு அஞ்சுக்கு நாலு. யானைக்காத மாத்தி அனுப்புனதுல வேற ரகம் வந்துச்சுங்கிறதுக்காக ஒன்னு கொறச்சேன், மத்தபடி எட்டும் உயிரோட, ஸ்டிக்கர்ல சொன்ன ரகமா இருந்துச்சு, இணையத்துல விக்கிற கலர் கலர் விதைக் கூத்துக்கு நடுவுல அது பெரிய விஷயம். சீட்டுக்கு பூஜ்யம். பேசுற விதத்துக்கு மொத ஆளுக்கு பூஜ்யம், ரெண்டாவது ஆளுக்கு நாலு. துணிப்பைய நானே பிரிச்சு ஓரம் மடிச்சு அடிச்சுட்டேன்.

வாங்குறதா இருந்தா சித்திரையில வாங்கி வச்சுட்டு ஆடி வரைக்கும் பொறுத்துப் போடுங்க, தட்டங்காய மட்டும் எப்ப வேணா போட்டுக்கங்க. எட்டும் வேணாம்னு நெனச்சா மதுரை அண்ணாநகர் உழவர் சந்தைக்கு தை மாசம் விடியக்காலையில போங்க, 1999ல தமிழ்நாட்டுலயே மொத மொதல்ல ஆரம்பிச்ச உழவர் சந்தை அது, ஊதா அவரை கொண்டு வர்றவங்க யாருகிட்டயாவது முத்துன காய் ரெண்டு குடுங்கன்னு கேட்டா காசு கூட வாங்க மாட்டாங்க, எந்த ஊரு, எப்ப போட்டீங்கன்னும் அங்கயே கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்.

போன வாரம் அந்தக் கடை நம்பர்ல இருந்து மறுபடி மெசேஜ். ரிவ்யூ கேக்கத்தான்னு நெனச்சேன். ‘மேடம், நீங்க வாங்குன ஊதா அவரை எங்ககிட்ட ஸ்டாக் தீர்ந்துருச்சு, விதை எடுத்து வச்சிருந்தா கொஞ்சம் கெடைக்குமா?’ அம்பது விதை எண்ணி, ஓரம் அடிச்ச பையில போட்டு, கூடவே ஒரு துண்டுத் துணியில மார்க்கர் வச்சு ‘ஊதா அவரை, வில்லாபுரம் மாடி, ஆடியில போடணும், கார்த்திகையில பூக்கும்’னு எழுதித் தச்சு அனுப்பிட்டேன். அதோட, மொதல்ல இந்த விதை உங்களுக்கு எந்த ஊர்ல இருந்து வந்துச்சுன்னு கேட்டேன். ‘பாத்து சொல்றேன் மேடம்’னாங்க. இன்னும் பாத்துக்கிட்டு இருக்காங்க.